ஏழரை மணிக்குக் கேக்கும்

வேதமாணிக்கம் மாஸ்டர் பேசியதை நான் கூட்டியோ குறைத்தோ சொல்லப் போவதில்லை. கூட்டிச் சொல்ல அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. குறைத்துச் சொன்னால் ஒன்றுமே மிஞ்சாது.

பாளையங்கோட்டையில் கொஞ்சம் பேர் வாங்கிய மெல்லிசைக் குழு எங்களுடையது. கீபோர்டு வாசிக்கிற எட்வின் அண்ணாச்சிதான் தலைவர். பாடுவது செண்பகவல்லி அக்கா. தபேலா அடிப்பது நான், பேர் சுடலை. கிடார் வாசிக்கிற ஜெபாவுக்கு அம்மை போட்டுவிட்டது. அதுவும் எந்த நாள் பார்த்து? அண்ணாச்சியின் தங்கச்சி மகள் பிரின்சிக்குக் கல்யாண வரவேற்பு நடக்கிற நாள் பார்த்து.

அந்தத் தங்கச்சி ஜெயசெல்வி ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அண்ணன் பாட்டுக் கச்சேரி என்று போனதில் அவருக்குத் தீராத மனக்குறை. "உங்க அண்ணன் என்ன பண்ணுதாரு?" என்று யாராவது கேட்டால், "பொட்டி தட்டுதான்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். இத்தனை வருசத்தில் எங்கள் குழுவை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் பிரின்சி அடம்பிடித்ததால். "மாமா, நான் மேடைக்கு நடந்து வரும்போது கிடார் சத்தம் கேக்கணும்" என்று அவள் ஒரே ஒரு ஆசையைச் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி அதற்கென்றே ஒரு மெட்டுப் போட்டு, மாதக்கணக்கில் அதைத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தார்.

ஜெயசெல்வியோ முன்னெச்சரிக்கைக்காரி. ஒரு டிஜேயையும் வரச் சொல்லிவிட்டார். அவன் மண்டபத்தின் மூலையில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு, சூயிங்கம் மென்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கிடார் சரிப்படவில்லை என்றால் மேடை அவனுக்கு. அண்ணாச்சிக்கு அது ஒரு கச்சேரி போனதாக இருக்காது, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் முகத்தில் கரி பூசியதாக இருக்கும்.

இந்த நெருக்கடியில்தான் யாரோ சொல்லி, அண்ணாச்சி அவசரத்துக்கு வேதமாணிக்கம் மாஸ்டரைப் பிடித்து, மெட்டையும் போனில் பாடிக் காட்டியிருந்தார். வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் அவருடைய வகுப்பு. 'கிடார், கீபோர்டு, மேற்கத்திய இசைத் தியரி, ஹிந்தி, கையெழுத்துப் பயிற்சி' என்று போர்டு போட்டிருக்கும். சாயங்காலம் நாலரைக்கு, கறுப்புக் கண்ணாடியும் மினுமினுக்கிற சட்டையுமாக மண்டபத்துக்குள் வந்தார். கையில் கைக்குட்டையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"கிடார் எங்க மாஸ்டர்?" என்றேன்.

"என் கிடாரை நான் வெளிய எடுக்கதில்ல தம்பி. எடுத்தா மழை வந்துரும். கல்யாண வீடு பாருங்க, பந்தல் நனைஞ்சா பழி எம்மேலல்லா விழும்? உங்ககிட்ட இருக்கதைக் குடுங்க, சமாளிக்கேன். ஆமா, பந்தி எப்ப?"

"பந்தி ஏழு மணிக்கு மேல."

"மட்டன் பிரியாணிதானே? வாசனை தெருமுனையில வரும்போதே சொல்லிட்டுது."

வேனில் இருந்த ஜெபாவின் கிடாரை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜெபா இடக்கைக்காரன். அதனால் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டியிருப்பான். தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிசுக் கம்பி இருக்கும். கிடார் தெரிந்தவன் எவனும் அதை மடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்ததும், "என்னலே இது, எல்லாம் மாறிக் கிடக்கு!" என்று கத்திவிடுவான். மாற்றிக் கட்டக் கால்மணி நேரம் போதும். புதுக் கம்பியும் பையில் தயாராக இருந்தது. மாஸ்டர் கேட்டதும் கொடுக்கலாம் என்று நானும் செண்பகவல்லி அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் கேட்கவில்லை. கம்பியையும் தொடவில்லை. கிடாரின் வயிற்றைத் தடவிக்கொடுத்து, "ஆகா! என் கைக்குன்னே செஞ்ச மாதிரில்லா இருக்கு!" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அண்ணாச்சிகிட்ட சொல்லிரவா?" என்று காதோரம் கேட்டேன்.

"சொல்லி? இந்த நேரத்துல வேற ஆளை எங்க போய்ப் பிடிப்பாரு? பாவம், மனுசன் இப்பவே பாதி உசிரோட அலையுதாரு. கொஞ்சம் பொறு. இந்த ஆளு கம்பியைத் தொடுதாரா இல்லியான்னு பாத்துரலாம்."

அண்ணாச்சி மேடைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். எந்த ஒயரிலிருந்தோ ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது, அதைத் தேடுகிறார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மாஸ்டர், சுருதி சேத்துட்டியளா?"

"சுருதியா!" என்று மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்கிட்டப் போய்ச் சுருதியைக் கேக்காரே! தங்கச்சி, என் காதைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டு மிக்சியில சட்னி அரைச்சா, அது எந்தச் சுரத்துல அரையுதுன்னு நான் படுத்துக்கிட்டே சொல்லுவேன். ஒருநாள் அரைச் சுரம் இறங்கிக் கேட்டுது. போய்க் கதவைத் தட்டி, 'எக்கா, மிக்சியை நிறுத்துங்க, உள்ள என்னமோ தேஞ்சிருக்கு'ன்னேன். கழட்டிப் பாத்தா பேரிங் அவுட்டு."

"நல்லதாப் போச்சு. ஒரு மிக்சி தப்பிச்சுது" என்றார் அக்கா.

"மிக்சி என்னம்மா மிக்சி! திருச்செந்தூர் ரயிலு இருக்குல்லா? அது ஹார்ன் அடிக்கையில சுருதி விலகி இருந்துச்சு. எத்தனை நாள்தான் பொறுக்க? தண்டவாளத்துக்கு நடுவுல சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு நின்னேன். வண்டி நின்னுச்சு. டிரைவர் இறங்கி வந்து சண்டைக்கு வாராரு. நான் ஒரு வார்த்தை பேசல. எஞ்சின் மேல ஏறினேன், ஸ்பேனரை வாங்கினேன், ஹார்னை ஒரு கால் திருகு திருகினேன். 'இப்ப அடிங்க'ன்னேன். அடிச்சாரு. டிரைவர் கண்ணுல தண்ணி. ரயில்ல இருந்த சனம் பூரா இறங்கி வந்து, 'இன்னொருதரம், இன்னொருதரம்'னு கேட்டு அடிக்கச் சொல்லிட்டு. ஊர் போய்ச் சேர ரயிலு லேட்டு."

"ரயில்வேக்காரன் உங்களைப் பிடிச்சு உள்ள போடலியா?"

"போட வந்தாவ. எங்க போட? அதுக்குள்ள அடுத்தடுத்த ரயில்காரனெல்லாம், 'எங்க ஹார்னையும் கொஞ்சம் பாத்துக் குடுங்க'ன்னு வரிசையில நிக்கானே!"

டிஜே மெல்லுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மேடைக்கு அடியிலிருந்து மறுபடி குரல். "மாஸ்டர், பிரின்சி மெட்டோட ஆரம்பத்தை ஒருக்கா வாசிச்சுப் பாருங்களேன்!"

"வாசிக்கலாம், வாசிக்கலாம்" என்று மாஸ்டர் இடது கை விரல்களை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினார். "இந்த நாலு விரலையும் பாருங்க. கம்பியை அமுக்கி அமுக்கிக் காய்ச்சுப்போன விரலு. ரேஷன் கடையில கைரேகை மிஷின்ல ஒண்ணொண்ணா வச்சேன். மிஷின், 'இங்க ஆளே இல்ல'ன்னுட்டு. ரேகை எங்க இருக்கு? எல்லாம் கம்பியோட போயிட்டே! ஆள் இல்லாதவனுக்கு அரிசி இல்லன்னுட்டாவ. தாலுகா ஆபீசுல போய் நின்னேன். தாசில்தாரு நம்பாம என் விரலைத் தொட்டுப் பாத்தாரு. அவரு விரல்ல ரத்தம்."

"போன வாரம் ரேஷன்ல எனக்கு முன்னால நின்னு, மிஷின்ல விரலை வச்சுப் பாமாயில் வாங்குனது யாரு மாஸ்டர்?" என்றார் அக்கா.

மாஸ்டர் அசரவில்லை. "அது கட்டைவிரலும்மா. கிடார்ல கட்டைவிரலு கழுத்துக்குப் பின்னால நிக்கும். அது கம்பியே தொடாது. அதுக்கு ரேகை சுத்தமா இருக்கும்."

இந்தப் பதிலை மட்டும் நான் மனசார ரசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"இதெல்லாம் என்ன? கிடார்ல எஃப் கார்டுன்னு ஒரு பிடி இருக்கு. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்க படுக்கப்போட்டு அமுக்கணும். கிடார் படிக்க வாரவன்ல பாதிப்பேரு பொட்டியைத் தூக்கிட்டு ஓடுதது அந்த இடத்துலதான். நான் ஓடல. ஐப்பசியில பிடிச்சேன், பொங்கலுக்குத்தான் கையை எடுத்தேன். சோறு ஊட்டி விட்டது வீட்டுக்காரி. அந்த விரலுக்கு வந்த பலம் இருக்கே! கயத்தாறுகிட்ட பஸ்சு டயர் வெடிச்சு நிக்குது. ஜாக்கி இல்லன்னு டிரைவர் தலையைச் சொறியுதாரு. நான் இறங்கினேன். பஸ்சுக்கு அடியில இந்த ஒத்தை விரலை விட்டு, எஃப் கார்டு பிடிச்சேன். பஸ்சு தூக்கிட்டு."

"ஆட்களை இறக்கிட்டா?" என்று கேட்டேன்.

"கண்டக்டர் இறக்கத்தான் பாத்தாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். நல்ல வெயிலு. கைப்பிள்ளைக்காரிக உள்ள இருந்தாவ."

"அண்ணே, பஸ்சைத் தூக்குன விரலு இந்தக் கிடாரைக் கொஞ்சம் அமுக்கிக் காட்டக்கூடாதா?" என்றான் டிஜே.

"அமுக்க எனக்கென்ன? கிடார் தாங்கணுமே!" என்று மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பந்திக்கு இலை போடுத சத்தம் கேக்குதே?"

"அது நாற்காலி இழுக்க சத்தம்" என்றார் அக்கா. "ரயில் ஹார்ன்ல கால் திருகு வித்தியாசம் தெரியுது, நாற்காலிக்கும் இலைக்கும் தெரியலியோ?"

வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, எங்களைக் கிட்டே வரச் சொன்னார்.

"கையி, காது எல்லாம் கழுதை. தியரிதான் ராசா. பரீட்சை வைக்க லண்டன்ல இருந்து ஒரு வெள்ளக்காரரு மெட்ராசுக்கு வந்தாரு. 'மேஜருக்கும் மைனருக்கும் என்ன வித்தியாசம்?'னாரு. வாயால சொல்லுவானேன்னு மேஜர்ல வாசிச்சேன், சிரிச்சாரு. மைனர்ல வாசிச்சேன், அழுதாரு. ரெண்டையும் கலந்து வாசிச்சேன், சிரிச்சுக்கிட்டே அழுதாரு, நிப்பாட்ட முடியல. டாக்டரைக் கூட்டியாந்தாவ. தெளிஞ்சு எந்திரிச்சு, 'மொத்தம் எத்தனை சுரம்?'னு கேட்டாரு. 'உங்களுக்கா எனக்கா?'ன்னேன்."

"பன்னெண்டுதானே மாஸ்டர்?"

"அது உங்களுக்கு. எனக்குப் பதிமூணு. ஈ-ன்னு ஒரு சுரம், அதுக்கு அடுத்தது எஃப். நடுவுல ஒண்ணுமே கிடையாதுன்னு உலகம் பூரா எழுதி வச்சிருக்கான். எனக்கு மட்டும் அங்கன ஒரு சந்து தெரிஞ்சுது. விரலை நுழைச்சுப் பாத்தேன். உள்ள ஒண்ணு உக்காந்திருக்கு! அன்னைக்கு மாடியில அதை ஒரே ஒருதரம் மீட்டினேன். வண்ணாரப்பேட்டை நாய் அம்புட்டும் வாசல்ல வந்து வரிசையா, உயரப்படி நிக்கி."

"நாய் மட்டும் வந்துச்சா, கூடக் கல்லும் வந்துச்சா?" என்றார் அக்கா.

டிஜேக்குச் சூயிங்கம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான்தான் முதுகில் தட்டிவிட்டேன்.

"அந்தப் பதிமூணாவதை இப்ப ஒருக்கா மீட்டுங்களேன்" என்றேன்.

"பொது இடத்துல மீட்டக்கூடாது தம்பி. மாசமா இருக்க பொம்பளைக வந்திருப்பாவ. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

அதற்குள் சொந்தக்காரர்கள் வந்து நிறைய ஆரம்பித்துவிட்டார்கள். பன்னீர் தெளிக்கிற பெண்கள் வாசலில் நின்றார்கள். அண்ணாச்சி மேடைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. இரைச்சலைப் பிடித்துவிட்டார், அந்தச் சந்தோசம் முகத்தில் இருந்தது. "மாஸ்டர் இருக்கையில எனக்கென்ன கவலை!" என்று அவர் சொன்னபோது, அதுவரை சிரித்ததெல்லாம் கசந்துபோயிற்று. அக்காவும் தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டருக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. "வேகத்தைப் பத்திச் சொல்ல மறந்துட்டேனே!" என்று அண்ணாச்சியின் தோளில் கையைப் போட்டார். "தாளம் தட்டுத மிஷினை வச்சுத்தான் நான் சாதகம் பண்ணுவேன். வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனேன். ஒரு கட்டத்துல மிஷினு தட்டுததை விட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னுட்டு. அதுலேர்ந்து என் வேகத்துக்குச் சத்தம் ஈடு குடுக்கதில்ல அண்ணாச்சி. கோவில்பட்டியில ஒரு கோயில் கொடையில வாசிச்சேன். வாசிச்சு முடிச்சு, கிடாரைப் பையில போட்டு, மேடையை விட்டு இறங்கி, சாம்பார் சாதம் சாப்பிட்டு, கையைக் கழுவுதேன். அப்பத்தான் முதல் சுரம் சனத்துக்குக் கேக்குது!"

"தபேலாக்காரன் என்ன செஞ்சான்?" என்று கேட்டேன். என் தொழில் சம்பந்தப்பட்டது அல்லவா?

"அவன் மறுநாள் மத்தியானந்தான் வந்து சேந்தான். பாவம், சின்னப் பையன்."

சரியாக அந்த நேரத்தில்தான் ஜெயசெல்வி வந்தார். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ எல்லாம் இருந்தாலும் வகுப்பைச் சோதிக்க வருகிற நடைதான். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். டிஜேயும் நின்றான்.

"எல்லாம் தயாரா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"தயார் ஜெயா. நம்ம மாஸ்டரு..."

"நான் ஒருதரம் கேட்டுட்டுப் போறேன். ஏழரைக்குப் பிரின்சி உள்ள நடந்து வருவா. அந்த நேரம் அசிங்கப்பட முடியாது. சரியில்லன்னா இப்பவே இந்தத் தம்பி பொட்டியை மேடைக்கு ஏத்திருவோம்."

அண்ணாச்சி மாஸ்டரைப் பார்த்தார். கும்பிடாத குறை. "மாஸ்டர், அந்த ஆரம்பம் மட்டும்."

தப்பிக்க வழியில்லை என்று நாங்கள் நினைத்தோம். மாஸ்டர் அப்படி நினைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். விரல்களை நெட்டி முறித்தார். உட்கார்ந்து, கிடாரை மடியில் நிமிர்த்தி வைத்து, கண்ணை மூடினார். கம்பிக்கு ஒரு நூல் மேலே, காற்றில், இரண்டு கை விரல்களும் சரசரவென்று ஓடின. தலை ஆடியது. ஒரு இடத்தில் உதட்டைக் கடித்தார், சோகமான கட்டம் போலிருக்கிறது. கடைசியில் கையை ஒரு வெட்டு வெட்டி நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்தார். ஒரு கம்பிகூட அசையவில்லை.

"முடிஞ்சு" என்றார்.

"என்ன முடிஞ்சு?" என்றார் ஜெயசெல்வி.

"வாசிச்சு முடிஞ்சும்மா. நம்ம வேகம் அப்படி. பொண்ணு ஏழரைக்குத்தானே வருது? கணக்குப் போட்டுத்தான் வாசிச்சிருக்கேன். ஏழரை மணிக்குக் கேக்கும். பந்தி எந்தப் பக்கம்?"

டிஜே ஒயர்ச் சுருளைக் கையில் எடுத்தான். அண்ணாச்சி அப்படியே கீபோர்டுப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

செண்பகவல்லி அக்கா நிதானமாகப் பக்கத்தில் போனார். "மாஸ்டர், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. அது இடக்கைக் கிடாரு. கம்பியெல்லாம் தலைகீழாக் கட்டியிருக்கு. நீங்க வாசிச்சது முன்னால போகாது, பின்னாலல்லா போகும்? ஏழரைக்கு எங்க கேக்க? நேத்தே கேட்டு முடிஞ்சிருக்கும்."

மாஸ்டர் அப்போதுதான் முதல் தடவையாகக் குனிந்து கம்பிகளைப் பார்த்தார். தடித்ததைத் தொட்டார். மெல்லிசானதைத் தொட்டார்.

ஜெயசெல்வி அக்காவைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், பெட்டி மேல் ஒட்டடைத் தலையோடு உட்கார்ந்திருந்த அண்ணனை ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.

"ஆமா, கேட்டுச்சு" என்றார். "நேத்து சாயந்தரம் பிரின்சிக்கு மருதாணி வச்சிட்டிருக்கையில கேட்டுச்சு. சகிக்கல."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, நீயே பொட்டியைத் தட்டு. கிடாருக்கு என்ன ஆச்சுன்னு அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். தலையில ஒட்டடை இருக்கு, தட்டிட்டு மேல ஏறு." பிறகு டிஜே பக்கம் திரும்பி, "தம்பி, உனக்கு இன்னைக்கு வேலை இல்ல. போய் முதல் பந்தியில உக்காரு" என்றார்.

டிஜே ஒயரைப் போட்டுவிட்டுக் கிளம்பினான். மாஸ்டரும் கிடாரை என் கையில் திணித்துவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு, அவன் பின்னாலேயே ரெண்டு எட்டு வைத்தார்.

"மாஸ்டர், நீங்க எங்க போறிய?" என்று ஜெயசெல்வி கேட்டார். "வாசிச்சது நேத்துல்லா? அப்ப சாப்பிட்டதும் நேத்துத்தான்."